வினவலும் தெளிதலும்: குழந்தை வளர்ப்போரிடையே முரணும் நம்பிக்கையும்

முன்னுரை

குழந்தையை வளர்ப்போர் தனித்து நின்று முடிவெடுப்பது அரிது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், பேச்சு வரக் காலந்தாழ்ந்தாலும், இரவெல்லாம் உறங்காது அழுதாலும் பெற்றோர் முதலில் நாடுவது தம்மைப் போலப் பிள்ளை வளர்த்த பிறரையே ஆகும். தாய், மாமியார், அண்டை வீட்டார், மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் இருந்தவர், பள்ளி வாயிலில் உடன் காத்து நிற்பவர் என இவ்வட்டம் விரிந்துகொண்டே செல்லும். கூட்டுக் குடும்பம் சுருங்கி, பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் பெயர்ந்தோர் மிகுந்துவிட்ட இந்நாளில், உறவினர் இருந்த இடத்தைப் பெரிதும் முன்பின் அறியாத பெற்றோர் தமக்குள் அமைத்துக்கொள்ளும் குழுமங்கள் பெற்றுள்ளன. இக்குழுமங்களில் ஆறுதலும் உண்டு. ஆறாத பூசலும் உண்டு. தாய்ப்பாலா புட்டிப்பாலா, தடுப்பூசி வேண்டுமா வேண்டாவா, பிள்ளையை அடிக்கலாமா ஆகாதா என்னும் வினாக்களில் தொடங்கும் பேச்சு, யார் நல்ல தாய், யார் நல்ல தந்தை என்னும் தீர்ப்பாக முடிவதைப் பலரும் அறிவர்.

குழந்தை வளர்ப்பு ஒருவர் கடனன்று என்பது தமிழ் மரபுக்குப் புதிய கருத்தன்று. பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் (312) ஈன்று வளர்த்தலைத் தாய்க்கும், சான்றோனாக்குதலைத் தந்தைக்கும், வேல் வடித்தலைக் கொல்லனுக்கும், நன்னெறிப்படுத்தலை வேந்தனுக்கும் பகிர்ந்தளிக்கின்றது. கடன் பகிரப்படும் இடத்தில் நம்பிக்கை வேண்டப்படும். நம்பிக்கை வேண்டப்படும் இடத்தில் முரணும் தோன்றும். தம் பிள்ளையைப் பற்றிப் பிறர் கூறும் சொல்லைப் பெற்றோர் எப்போது நம்பலாம், எப்போது மறுக்கலாம், மறுக்கும்போது எவ்வாறு மறுத்தல் அறமாகும் என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சங்க அகமரபும் திருக்குறளும் இவ்வினாக்களுக்கு அளிக்கும் ஒளி, அண்மைக்கால நிகழ்வுகளோடு பொருத்திக் காணப்படுகின்றது.

அறிவுரையின் இருமுகம்

உழவு, வாணிகம் போன்றவை குறித்துக் கூறப்படும் அறிவுரைக்கும் பிள்ளை வளர்ப்புக் குறித்துக் கூறப்படும் அறிவுரைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. வயலுக்கு வேறு உரம் இடுக என்று ஒருவர் கூறினால் கேட்பவரின் பெருமை பெரிதும் குறைவதில்லை. பிள்ளைக்கு வேறு உணவு தருக என்று கூறினால், இதுகாறும் தந்த உணவு தவறு என்னும் குற்றச்சாட்டும் அச்சொல்லுள் அடங்கிவிடுகின்றது. பிள்ளை வளர்ப்பு என்பது ஒரு தொழிலாக மட்டும் இராது, வளர்ப்பவரின் தன்மதிப்போடு பிணைந்திருப்பதே இதற்குக் காரணமாகும். எனவே இங்கு ஒவ்வோர் அறிவுரையும் உதவியாகவும் தீர்ப்பாகவும் ஒருங்கே ஒலிக்கின்றது. கூறுபவர் முதலாவதைக் கருதியிருக்கலாம். கேட்பவரின் காதில் விழுவது பெரும்பாலும் இரண்டாவதே.

சேனை தொட்டு வைக்கும் வழக்கம் இதற்குத் தக்க சான்றாகும். பிறந்த குழந்தையின் நாவில் குடும்பத்து மூத்தோர் ஒருவர் தேனோ சர்க்கரை நீரோ தொட்டு வைப்பது தமிழகத்தின் பல பகுதிகளில் வழங்கிவந்த வழக்கமாகும். தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலன்றிப் பிறிது எதுவும் வேண்டுவதில்லை என்பதும், ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தருதல் கூடாது என்பதும் இன்றைய மருத்துவ அறிவு. இவ்விரண்டும் ஒரே வீட்டில் சந்திக்கும்போது, தேனைப் பற்றிய கருத்து வேறுபாடாக அது நிற்பதில்லை. இளந்தாய் மறுத்தால், மூத்தோரின் குணத்தையே மறுத்ததாகக் கொள்ளப்படுகின்றது. மூத்தோர் வற்புறுத்தினால், இளந்தாயின் அறிவையே இகழ்ந்ததாகக் கொள்ளப்படுகின்றது. இருவரும் குழந்தையின் நலத்தையே நாடுகின்றனர் என்பதே இப்பூசலின் துயரமாகும்.

ஒத்தோர் கூடும் குழுமங்களும் இதற்கு விலக்கல்ல. 1956இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 7 தாய்மார் கூடித் தொடங்கிய லா லெச்சே லீக் என்னும் அமைப்பு ஈண்டு நினைக்கத்தக்கது. புட்டிப்பாலே அறிவியல் முறை என்று கருதப்பட்ட காலத்தில், தாய்ப்பாலூட்ட விரும்பிய பெண்களுக்கு மற்றொரு தாயே துணையாக அமைதல் வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். நாடு பலவற்றில் எண்ணற்ற தாய்மாருக்கு அவ்வமைப்புத் துணை நின்றது. எனினும் பிற்காலத்தில், வேலைக்குச் செல்லும் தாய்மாரையும் பாலூட்ட இயலாத தாய்மாரையும் அவ்வியக்கத்தின் போக்குக் குற்றவுணர்வுக்கு உள்ளாக்குகின்றது என்னும் குறைகூறலும் எழுந்தது. தீர்ப்புக்கு அஞ்சியோர்க்குப் புகலிடமாகத் தோன்றிய குழுமம், தானே தீர்ப்பு வழங்கும் இடமாகச் சிலருக்குத் தோற்றமளிக்கலாயிற்று. நம்பிக்கையால் பிணைந்த கூட்டம் எதுவும் இவ்விடரிலிருந்து தானாகத் தப்புவதில்லை என்பதை இதனால் அறியலாம்.

அறியுநரும் தோழியும்

பிள்ளையின் துன்பத்தைக் கண்டு கலங்கிய தாய், யாரை நம்புவது என்று அறியாது தடுமாறும் நிலையைத் தமிழின் அகமரபு விரிவாகப் பேசியுள்ளது. களவொழுக்கத்தில் தலைவியின் மேனி வாடுகின்றது. காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை அழைத்து நெற்குறி பார்க்கின்றாள். வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றாள். வேலன் இது முருகனால் வந்தது என்கின்றான். நோய் வேறு, கூறப்படும் காரணம் வேறு. வேலன் பொய்யன் என்று பாடல்கள் பொதுவாகக் கூறவில்லை. அவன் தன் துறையில் வல்லவன். ஆயின் இந்நோய் அவன் துறைக்கு உரியதன்று. நற்றிணையின் 34ஆம் பாடலில் தோழி, வேலனையும் கடந்து முருகனையே விளித்து, தன்னால் வந்த நோயன்று என அறிந்தும் வெறியாட்டுக் களத்திற்கு வந்த அவனது அறியாமையைச் சுட்டுகின்றாள். உயர்ந்த இடத்திலிருந்து வரும் சொல்லாயினும் பொருந்தாவிடத்து மறுக்கப்படலாம் என்னும் துணிவு அப்பாடலில் உள்ளது.

இந்நிலை முழுமையான வடிவம் பெறுவது கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலாகும். 261 அடிகளால் அமைந்த அப்பாட்டு முழுதும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் கூற்றாகும். அறிந்தோரை வினவியும், தெய்வங்களை வழிபட்டும், மகளின் நோய்க்குத் தீர்வு காணாது செவிலி வருந்துவதைத் தோழி முதலில் எடுத்துரைக்கின்றாள். செவிலியை அவள் இகழவில்லை. வினவியதும் வழிபட்டதும் அன்பினால் என்பதை ஏற்றுக்கொண்டே பேச்சைத் தொடங்குகின்றாள். அடுத்து, பகைகொண்ட இருபெரு வேந்தரிடையே சந்து செய்விக்க நிற்கும் சான்றோர் போலத் தான் இருபெரும் அச்சத்தோடு நிற்பதாகக் கூறுகின்றாள். தலைவியின் துயரும் செவிலியின் துயரும் அவள்முன் ஒருங்கே நிற்கின்றன. பின்னர், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறுவேன், சினவாது கேட்க என வேண்டுகின்றாள்.

குழந்தை வளர்ப்போரிடையே நிகழும் உரையாடலுக்கு இக்காட்சி வழங்கும் பாடம் மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது அண்மை. தோழி தலைவியை உடனிருந்து அறிந்தவள். பொதுவிதியைக் கொண்டு அவள் பேசவில்லை. இரண்டாவது பங்கு. அவள் சொல் பிழைத்தால் அதன் விளைவு அவளையும் சாரும். செவிலியின் சினத்திற்கு முதலில் ஆளாபவள் அவளே. மூன்றாவது வெளிப்படை. களவில் தனக்கிருந்த உடன்பாட்டை அவள் மறைக்கவில்லை. தலைவியும் தானும் சேர்ந்து எண்ணிய செயலாகவே அதனை எடுத்துரைக்கின்றாள். வேலனிடம் இம்மூன்றும் இல்லை. அவன் வந்து போகின்றவன். சொல் பிழைத்தாலும் இழப்பதற்கு அவனிடம் பெரிதாக ஒன்றுமில்லை. வெறியாட்டு நிகழ்வதில் தனக்குள்ள பயனைப் பற்றி அவன் எதுவும் சொல்வதுமில்லை.

இங்கு இரு தடைகள் எழலாம். தலைவி கைக்குழந்தை அல்லள். அவள் நோயும் குழந்தை நோய் அன்று என்பது ஒன்று. வளர்ப்போர் காரணம் அறியாத துன்பமும், துன்புறுபவர் தம் வாயால் கூற இயலாத நிலையும், பிறர் சொல்லை நம்பியே முடிவெடுக்க வேண்டிய கட்டாயமும் ஈரிடத்தும் பொதுவாதலின் இவ்வொப்புமை பொருந்தும். தோழியும் முற்ற நடுநிலையானவள் அல்லள் என்பது மற்றொரு தடை. தொல்காப்பியம் அறத்தொடு நிற்கும் வகைகள் ஏழனைக் கூறுமிடத்து, காரணம் இட்டுரைக்கும் ஏதீட்டையும் உண்மை செப்புதலையும் ஒருங்கே வைத்துள்ளது. தோழி தலைவனைப் புகழ்கின்றாள். நிகழ்ச்சிகளைத் தனக்கு ஏற்ற வகையில் அடுக்குகின்றாள். ஆயினும் அவள் யார் பக்கம் நின்று பேசுகின்றாள் என்பது செவிலிக்குத் தெரியும். பக்கம் சார்தல் நம்பிக்கையைக் கெடுப்பதில்லை. சார்பை மறைத்தலே கெடுக்கின்றது. இவ்வேறுபாடு பின்வரும் பகுதிகளுக்கு இன்றியமையாததாகும்.

அரிய மறைகளை எடுத்துரைக்கும் சிறப்பினாலேயே செவிலி தாய் எனப்படுகின்றாள் என்று தொல்காப்பியக் களவியல் கூறுவதும் கருதத்தக்கது. ஈன்றமையால் அன்றி, நம்பிச் சொல்லத்தக்க செவியாகவும் நம்பிக் கேட்கத்தக்க வாயாகவும் இருத்தலால் தாய்மை அமைகின்றது என்பது அதன் உட்கிடையாகும். உண்மை தலைவியிடமிருந்து தோழிக்கும், தோழியிடமிருந்து செவிலிக்கும், செவிலியிடமிருந்து நற்றாய்க்கும், நற்றாயிடமிருந்து தந்தை தமையன்மாருக்கும் செல்லும் முறையை உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர். ஒவ்வொரு படியிலும் கேட்பவர் சினவாது கேட்பார் என்னும் நம்பிக்கையின்றி அடுத்த படிக்கு உண்மை செல்லாது.

தெரிந்து தெளிதல்

நம்பிக்கையின் இலக்கணத்தைத் திருக்குறள் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில் (51) வகுத்துரைக்கின்றது. அதன் இறுதிக் குறள் (510), ஆராயாமல் ஒருவரை நம்புதலும், ஆராய்ந்து நம்பியவரிடத்தில் ஐயம் கொள்ளுதலும் ஆகிய இரண்டுமே நீங்காத துன்பத்தைத் தரும் என்கின்றது. அதற்கு முந்திய குறள் (509), ஆராயாது யாரையும் நம்பலாகாது என்றும், ஆராய்ந்தபின் நம்பத்தக்க பொருள்களில் நம்புக என்றும் கூறுகின்றது. ஒருவரை முழுதுமாக நம்புதல் என்பது குறளின் கருத்தன்று. எதில் நம்பலாமோ அதில் நம்புதலே அதன் கருத்தாகும். பிள்ளையை உறங்க வைக்கத் தெரிந்தவர் என்பதனால் பிள்ளையின் நோய்க்கு மருந்து கூறவும் வல்லவர் என்று கொள்ளுதல் இந்நெறிக்கு மாறானது.

இவ்வதிகாரம் பொருட்பாலில் அரசியலின் பகுதியாக, மன்னன் வினைசெய்வாரைத் தெரிவு செய்தல் பற்றி அமைந்துள்ளது. அதனை இல்வாழ்வில் பெற்றோர்க்குப் பொருத்துதல் தகுமா என்னும் வினா எழுதல் இயல்பே. மன்னனின் முடிவால் வரும் இழப்பு மன்னனை மட்டும் சார்வதில்லை. முடிவெடுப்பதில் பங்கில்லாத குடிகளையே பெரிதும் சாரும். பெற்றோரின் நிலையும் இதுவே. பெற்றோர் ஒருவரை நம்புகின்றனர். அந்நம்பிக்கையின் விளைவைச் சுமப்பது குழந்தை. தனக்காக மட்டும் நம்புபவன் ஏமாந்தால் அது அவன் இழப்பு. பிறருக்காக நம்புபவன் ஏமாந்தால் அது அவன் குற்றமுமாகும். ஆகவே, ஆராய்தல் என்னும் கடமை பெற்றோரிடத்தில் மன்னனுக்கு நிகரான வலிமை பெறுகின்றது.

நியூசிலாந்தில் பிறந்த மெய்யியலாளர் அனெட் பையர் 1986இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், நம்புதல் என்பது தமக்கு அருமையான ஒன்றைப் பிறர் கையில் விட்டு, அவர் தீங்கு செய்யக்கூடிய நிலையிலும் செய்யமாட்டார் எனக் கொள்வது என விளக்கினார். குழந்தை தாயிடத்தில் கொள்ளும் நம்பிக்கையை அவர் இவ்வாய்வின் நடுவில் வைத்தார். ஒப்பந்தம் செய்வோர் இருவர் நிகரானவர் என்னும் கருத்தைக் கொண்டு இந்நம்பிக்கையை விளக்க இயலாது என்பது அவர் துணிபு. பிரிட்டானிய மெய்யியலாளர் ஒனோரா ஓ'நீல் 2002ஆம் ஆண்டின் ரீத் சொற்பொழிவுகளில், நம்பிக்கையை மிகுவிப்பது குறிக்கோளன்று. நம்பத்தக்கவரிடத்து நம்பிக்கையும் தகாதவரிடத்து நம்பாமையும் கொள்ளுதலே வேண்டப்படுவது என்னும் கருத்தை முன்வைத்தார். குறள் கூறும் இருவகைத் துன்பமும் இக்கருத்தும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன.

எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. மருந்தின் இயல்பையோ நோயின் காரணத்தையோ ஆராய்ந்தறியும் கல்வியும் காலமும் பெரும்பாலான பெற்றோர்க்கு இல்லை. ஆராயாமல் நம்பற்க என்னும் அறிவுரை, ஆராய இயலாதவர்க்கு என்ன வழிகாட்டும்? பொருளை ஆராய இயலாதபோது, பொருளைக் கூறுபவரை ஆராயலாம் என்பதே விடையாகும். குறளதிகாரமும் ஆராயச் சொல்வது ஆளையே. தோழியிடம் காணப்பட்ட அண்மை, பங்கு, வெளிப்படை ஆகிய மூன்றும் எழுத்தறியாத பெற்றோரும் கண்டறியத்தக்க குறிகளாகும்.

வல்லாரின் பிழையும் மறைந்த பயனும்

கற்றவர் கூற்றே போதும், மற்றப் பெற்றோரைக் கேட்பானேன் என்று கருதுவோர் உளர். அரிய நூல்களைக் கற்றுக் குற்றம் நீங்கியவரிடத்தும் ஆராயுமிடத்து அறியாமை சிறிதும் இல்லாதிருத்தல் அரிது என்கின்றது குறள் (503). அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் பல கோடி வீடுகளைச் சென்றடைந்தது. பெற்றோர் தம் அறிவை நம்ப வேண்டும் என்னும் கனிவான குரலே அந்நூலின் சிறப்பு. எனினும் 1950களின் பிற்பகுதியிலிருந்து வந்த பதிப்புகளில், வாந்தியெடுக்கும்போது மூச்சுத் திணறாதிருக்கக் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தல் நன்று என்னும் கருத்து இடம்பெற்றது. குப்புறப் படுத்தல் உறக்கத்தில் நேரும் திடீர் இறப்புக்கு வாய்ப்பை மிகுவிக்கின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் குழந்தையை மல்லாந்து படுக்கவைக்குமாறு அறிவுறுத்தும் இயக்கங்கள் தொடங்கப்பெற்றன. அதன்பின் அத்தகைய இறப்புகள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. ஸ்பாக்கிடம் தீய எண்ணம் எதுவும் இல்லை. நல்லெண்ணமும் கல்வியும் ஒருங்கே இருந்தும் பிழை நேர்ந்தது. அப்பிழையைத் திருத்தியதும் மருத்துவ ஆராய்ச்சியே என்பது மறக்கத்தகாதது. நம்பத்தக்க அறிவு என்பது பிழையே செய்யாத அறிவன்று. பிழையைக் கண்டு வெளிப்படையாகத் திருத்திக்கொள்ளும் அறிவாகும்.

இதற்கு மறுதலையான நிகழ்வும் உண்டு. பிரிட்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் மருத்துவரும் பிறரும் 1998இல் லான்செட் இதழில், 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டனர். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் அச்சத்தை அது விதைத்தது. இங்கிலாந்தில் அத்தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விழுக்காடு 2003-04இல் ஏறத்தாழ 80ஆகக் குறைந்தது. தடுப்பூசி உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடுக்க முயன்ற வழக்கறிஞரிடமிருந்து அவர் பணம் பெற்றிருந்தமை பின்னர் வெளிவந்தது. 2010இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. பெரிய அளவில் நடந்த ஆய்வுகள் அத்தகைய தொடர்பு எதனையும் காணவில்லை. அவரை நம்பிய பெற்றோர் அறிவிலிகள் அல்லர். பிள்ளையின் நிலைக்குக் காரணம் தேடி அலைந்தவர்கள். அவர்தம் துயரைக் காதுகொடுத்துக் கேட்டவராக அவர் தோன்றினார். அண்மை இருப்பதுபோல் தோன்றிற்று, வெளிப்படை இல்லை.

மறைந்த பயனின் தீமையை அரசுகளும் உணர்ந்துள்ளன. குழந்தைப் பால்மாவு விற்பனையில் நிகழ்ந்த முறைகேடுகளை ஒட்டி, உலகச் சுகாதாரப் பேரவை 1981இல் தாய்ப்பால் மாற்றுணவு வணிகத்திற்கான நெறிமுறையை ஏற்றது. இந்தியா 1992இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, 2003இல் அதனைத் திருத்தி வலுப்படுத்தியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான இவ்வுணவுகளை விளம்பரம் செய்தலும், தாய்மாருக்கு இலவச மாதிரி வழங்குதலும், மருத்துவப் பணியாளர்க்கு ஊக்கப்பொருள் தருதலும் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டன. புட்டிப்பால் கொடுக்கும் தாயை அச்சட்டம் குற்றவாளியாக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. அறிவுரை போல வேடமிட்டு வரும் வணிகத்தையே அது தடுக்கின்றது.

தடுப்பூசி இயக்கமும் இசைவும்

மேற்கூறிய கருத்துகள் அனைத்தும் ஒருங்கே சோதனைக்குள்ளான களம் இந்தியாவின் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கமாகும். ஏறத்தாழ 41 கோடிக் குழந்தைகளை இலக்காகக் கொண்ட இவ்வியக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கருநாடகம், புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகியவற்றில் தொடங்கிற்று. 9 மாதம் முதல் 15 வயது நிறையாதோர் வரை அனைவருக்கும், முன்னர் ஊசி பெற்றிருப்பினும், ஒருமுறை கூடுதலாக ஊசி இடுதல் திட்டமாகும். தமிழகத்தில் ஊசியின் பக்கவிளைவு பற்றிய வதந்திகள் விரைந்து பரவின. பெற்றோர் பலர் தயங்கினர். பிப்ரவரி இறுதியில் முடிவதாக இருந்த இயக்கம் மார்ச்சு மாதத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. முன்பே ஊசி போட்ட பிள்ளைக்கு மீண்டும் எதற்கு என்பது எந்தப் பெற்றோர்க்கும் இயல்பாக எழக்கூடிய வினா. விடை கிடைக்காத வினா வெற்றிடமாக நிற்பதில்லை. வதந்தி அவ்விடத்தை நிரப்புகின்றது.

தில்லியில் இவ்வியக்கம் 2019 சனவரியில் தொடங்குவதாக இருந்தது. பெற்றோரின் இசைவை எதிர்பாராது பள்ளிகளில் ஊசி இடலாம் என்னும் அறிவிக்கை தில்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. அவ்வறிவிக்கையை நீக்கிய நீதிமன்றம், ஊசியின் நன்மைகளோடு பக்கவிளைவுகளையும் பெற்றோர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும் எனப் பணித்தது. இத்தீர்ப்பு இயக்கத்திற்குத் தடையாயிற்று என்று வருந்துவோர் உளர். தட்டம்மை மிக விரைந்து பரவும் நோய். அதனைத் தடுத்து நிறுத்த 100இல் 95 பேரேனும் தடுப்பாற்றல் பெற்றிருத்தல் வேண்டும். 9 மாதம் நிறையாத குழந்தை தனக்கென ஊசி பெற இயலாது. சுற்றியுள்ள பிள்ளைகள் பெற்றிருக்கும் ஊசியே அதற்குக் காப்பாகும். ரூபெல்லா ஊசியோ இன்றைய பிள்ளைகளுக்கு இடப்பெற்று, நாளை பிறக்கவிருக்கும் குழந்தைகளைப் பிறவிக் குறைபாடுகளிலிருந்து காக்கின்றது. எனவே ஒரு பெற்றோரின் மறுப்பு அவர்தம் பிள்ளையோடு முடிவதில்லை. பெயரறியாத வேறொரு வீட்டின் தொட்டில்வரை செல்கின்றது. இவ்வருத்தத்தில் நியாயம் உண்டு.

ஆயினும் வற்புறுத்தலால் ஊசியைச் செலுத்தலாம்; நம்பிக்கையைச் செலுத்த இயலாது. அடுத்த நோய்க்கும் அடுத்த ஊசிக்கும் அதே பெற்றோரிடமே அரசு வந்து நிற்க வேண்டும். பக்கவிளைவைச் சொன்னால் அஞ்சுவர் என எண்ணி மறைக்குமிடத்து, சிறிய விளைவொன்று தோன்றினும் முழு ஊசியும் பொய் என்னும் எண்ணம் வேரூன்றும். குறிஞ்சிப்பாட்டில் தலைவி, பொன்னாலும் மணியாலும் ஆகிய அணிகலம் சிதைந்தால் மீண்டும் கூட்டலாம், சால்பு குன்றினால் மீண்டும் நிறுத்துதல் சான்றோர்க்கும் அரிது என்று கருதுகின்றாள். சொல்லின் சால்புக்கும் இது பொருந்தும். தீமையையும் சேர்த்துச் சொல்பவரே நன்மையைச் சொல்லும்போது நம்பப்படுவர்.

முரணின் அறம்

அவ்வாறாயின், வளர்ப்போர் குழுமங்களில் முரணே இருத்தலாகாதா? முரணற்ற குழுமம் நம்பிக்கைக்குரியது என்று கொள்ளுதல் பிழையாகும். யாவரும் உடன்படும் இடத்தில் பிழையான அறிவுரை தடையின்றிச் செல்லும். வெறியாட்டுக் களத்தில் தோழி ஒருத்தி மறுத்துப் பேசியிராவிடில் உண்மை வெளிப்பட்டிராது. வேண்டுவது முரணை நீக்குதலன்று, முரணை வகைப்படுத்துதலாகும்.

குழந்தை வளர்ப்பில் எழும் முரண்களை மூவகைப்படுத்தலாம். பிள்ளையைத் தொட்டிலில் இடுவதா உடன் படுக்கவைப்பதா, எம்மொழியில் முதலில் பேசுவது, எவ்வழிபாட்டைக் கற்பிப்பது என்றாற் போன்றவை பெரிதும் வாழ்முறை சார்ந்தன. இங்குப் பல வழிகள் நல்வழியாக இருத்தல் கூடும். பிறர் வழியைப் பொறுத்தலே அறம். குப்புறப் படுத்தல் தீங்கா, தேன் தீங்கா என்பன உண்மை சார்ந்தன. இவற்றில் பொறுமை என்னும் பெயரால் வாளாவிருத்தல் குழந்தைக்குச் செய்யும் தீங்காகும்; சான்று காட்டிக் கூறுதல் கடமை. தடுப்பூசி போன்றவை உண்மையையும் பிறர் குழந்தையின் நலனையும் ஒருங்கே சார்ந்தன. இங்கு மறுத்துரைத்தலோடு, மறுப்பவரின் அச்சத்திற்கு விடை கூறும் கடமையும் சேர்ந்துகொள்கின்றது. வாழ்முறை வேறுபாட்டை உண்மை வேறுபாடாக்கிச் சினத்தலும், உண்மை வேறுபாட்டை வெறும் வாழ்முறை வேறுபாடாக்கி நழுவுதலும் குழுமங்களில் பெரும்பாலான பூசல்களுக்கு வேராகும்.

மறுத்துரைக்கும் முறையிலும் அறம் உண்டு. பெற்றோரின் தகுதியைத் தாக்கும் சொல் குழந்தைக்கு எப்பயனும் தருவதில்லை. அவமானப்பட்ட தாய் தன் முடிவை மாற்றிக்கொள்வதைக் காட்டிலும் மறைத்துக்கொள்வதற்கே வாய்ப்பு மிகுதி. மறைத்தபின் அக்குழந்தையைப் பற்றிய உண்மை எவர் செவிக்கும் எட்டாது. செவிலியின் வழிபாடுகளை இகழாது தோழி பேசத் தொடங்கியது இங்கு நினைக்கத்தக்கது. அவ்வாறே கேட்பவர்க்கும் கடமை உண்டு. தோழி வேண்டிய சினவாமை அதுவாகும். தன் பிள்ளையைப் பற்றிய குறையைக் கேட்கும்போது தன்னைப் பற்றிய குறையாக அதனைக் கொள்ளாதிருத்தல் எளிதன்று; எனினும் அக்கடமையை ஏற்காதவரிடம் உண்மை கூறுவோர் நாளடைவில் இலராவர்.

முடிவுரை

குழந்தை வளர்ப்போரிடையே முரண் மிகுதியாக எழுவதற்குக் காரணம், அங்கு வழங்கும் ஒவ்வோர் அறிவுரையும் வளர்ப்பவரைப் பற்றிய தீர்ப்பாகவும் ஒலிப்பதாகும். நம்பிக்கை அங்கு மிக்க பொறுப்புடையதாதற்குக் காரணம், நம்புபவர் ஒருவராகவும் விளைவைச் சுமப்பவர் மற்றொருவராகவும் இருப்பதாகும். ஆராயாத நம்பிக்கையும் ஆராய்ந்தபின் விடாத ஐயமும் என்னும் குறளின் இருவகைத் துன்பத்தில் எதுவாயினும், அதனை முதலில் அடைவது பேச அறியாத குழந்தையே.

பொருளை ஆராய இயலாத பெற்றோரும், கூறுபவரிடம் அண்மையும் பங்கும் வெளிப்படையும் உளவா என்று ஆராய இயலும். பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்பவரா, பயன் இருப்பின் மறையாது கூறுபவரா, மறுத்துப் பேசினால் பொறுப்பவரா என்று வினவ இயலும். இவ்வினாக்களைத் தனி மனிதரிடத்து மட்டுமன்றி மருத்துவரிடத்தும், அரசிடத்தும், தாம் சார்ந்த குழுமத்தினிடத்தும் எழுப்புதல் பெற்றோரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். குறிஞ்சிப்பாட்டின் தோழி இருபெரும் அச்சத்தோடு நின்றாள், எனினும் பேசினாள். அவள் பேசியது செவிலியை வெல்வதற்காக அன்று. தன்னால் பேச இயலாது வாடிய ஒருத்திக்காகவே. பிள்ளை வளர்ப்புப் பற்றிய எந்தப் பூசலிலும் யாருக்காகப் பேசப்படுகின்றது என்னும் இவ்வொரு வினாவை இரு தரத்தாரும் மறவாதிருப்பின், முரண் நம்பிக்கைக்குப் பகையாகாது அதற்கு வழியாக அமையும்.